சுன்னாகம்: கரண்டும் கிணறும்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் றேடியோ கேட்ட கதையை எங்கட வீடுகளில் பெரியாக்கள் இப்பவும் சொல்லுவினம். 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கியதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. தடையால் பற்றரியும் கிடைக்கவில்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்து ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவில் வந்த கரண்டில் மற்றவர்கள் செய்தி கேட்டார்கள்.

மின் நிலையம் எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்க அந்தச் சைக்கிளே போதும். கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் கம்பியில் மின்னோட்டம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபரடே 1831இல் காட்டினார். அதற்குப் பிறகு கேள்வி ஒன்றுதான்: ஆர் சுத்துறது? லக்சபானவில் மேலிருந்து விழுகிற தண்ணீர் சுத்துது. நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். அந்த நீராவி டேர்பைனை நிமிடத்துக்கு 3000 தடவை சுத்துது. சுன்னாகத்தில் நீராவியும் இல்லை. எஞ்சினுக்குள்ளேயே எண்ணெய் எரிந்து, அந்த வெப்பத்தில் விரியும் வாயு பிஸ்டனைத் தள்ள, அது மின்பிறப்பாக்கியைச் சுத்துது. பஸ் எஞ்சினின் அதே வேலைதான், அளவு மட்டும் பெரிது.

இப்படியான நிலையங்கள் பெரும்பாலும் எரிப்பது தார் மாதிரித் தடித்த உலை எண்ணெயை. சூடாக்கினால்தான் அது ஓடும். எஞ்சினுக்குள் விடமுதல் அதிலுள்ள தண்ணீரையும் அழுக்கையும் பிரித்தெடுக்க வேணும். பிரித்த கசடு மிஞ்சும். பாவித்த மசகெண்ணெயும் மிஞ்சும். இதை எங்கே கொண்டுபோய் விடுவது?

வேறு ஊரென்றால் இந்தக் கேள்வி கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாமே நிலத்தடி நீர். அந்த நீர் வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிறது. மேலே ஊற்றுவது கெதியாகக் கீழே போகும். ஒரு வளவுக்குள்ளேயும் நிற்காது.

தேசிய மின்வலையமைப்போடு குடாநாடு திரும்ப இணைந்தது யுத்தம் முடிந்த பிறகுதான். அதுவரை எங்கட விளக்குகளை எரியவைத்தது உள்ளூரிலேயே எரிந்த எண்ணெய். அந்தக் கரண்ட் தேவைப்பட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது. சனம் வீதிக்கு இறங்கியது.

2015இல் சூழலியலாளர் ரவீந்திர காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்கவேண்டும் என்ற கொள்கையின்படி, நோதேர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இலங்கையின் சூழல் வழக்குகளில் இது முக்கியமான ஒன்று.

ஆனாலும் ஒரு கிணற்றின் விலையைக் காசில் சொல்லுவது கஷ்டம். அப்பு வெட்டின கிணறு, பேரப்பிள்ளைகளும் அள்ளிக் குடிக்கிற கிணறு. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட காலத்தில் கரண்டுக்கு ஆர் களைக்கினம் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. சுவிச்சைப் போடுகிற எங்களுக்கு அது தெரிவதில்லை. நாளைக்கு எங்கட ஊருக்கு இன்னொரு மின் நிலையம் வந்தால், எத்தனை மெகாவாற் என்பதோடு சேர்த்து, கழிவு எங்கே போகுது என்றும் கட்ட முதலே கேட்போம்.