ஆமையும் அதன் நிலமும்

யூனியன்வில் பிரதான வீதிக்கு அருகே டூகுட் குளம் இருக்கிறது. ஒருகாலத்தில் ஆலைக்கென்று நீரைத் தேக்கிய குளம். கோடையில் பின்னேரங்களில் பிள்ளைகளுடன் அதைச் சுற்றி நடப்பது எம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. குளத்தைத் தாண்டிச் செல்லும் புரூஸ் ஓடை ரூஜ் ஆற்றில் கலந்து, ஒன்ராறியோ ஏரியைச் சேர்கிறது.

சிட்னியிலுள்ள எமது உறவினர்கள் கோலாவின் படங்களை அனுப்பும்போது பிள்ளைகள் மகிழ்ந்துபோகிறார்கள். அந்தப் பிராணியின் சரித்திரம் மகிழ்ச்சியானதல்ல. 1927 ஓகஸ்டில் குயின்ஸ்லாந்து அரசு ஒரு மாதம் வேட்டைக்கு அனுமதித்தபோது தோலுக்காக ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கோலாக்கள் கொல்லப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அங்கு அதுவே கடைசி வேட்டைக்காலமாயிற்று. ஆயினும் கோலா தப்பவில்லை. அது தின்று உறங்கும் யூக்கலிப்டஸ் காடுகள் வயலும் வீடும் தெருவுமாக மாறின. 2022 இல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பிரதேசம் ஆகியவற்றில் அது அழியும் ஆபத்திலுள்ள இனமென அறிவிக்கப்பட்டது. கொல்லாமல் விட்டால் மட்டும் போதாது, இருக்க இடமும் விட வேண்டும் என்பதே இதில் நாம் கண்ட பாடம்.

ரூஜ் ஆற்றங்கரையிலும் அதே கதைதான். இங்கே கோலா இல்லை, மஞ்சள் கழுத்துடைய பிளாண்டிங் ஆமை இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. சதுப்பு நிலங்கள் தூர்க்கப்பட்டதாலும், முட்டையிட இடம் தேடித் தெருவைக் கடக்கும் பெண் ஆமைகள் வாகனங்களில் அடிபட்டதாலும், இந்தப் பள்ளத்தாக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே எஞ்சின.

நிலத்துக்கான போராட்டம் முதலில் வந்தது. நகரம் கிழக்கே பரவிய எழுபதுகளில், பள்ளத்தாக்கைக் காக்கவென்று உள்ளூர் மக்கள் திரண்டார்கள். 1990 இல் மாகாண அரசு பூங்காவை அறிவித்தது. 2015 இல் அது கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்காவானது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர். நிலம் உறுதியான பின்னரே ஆமைக்கு வழி பிறந்தது. வேறிடத்திலிருந்து எடுத்த முட்டைகளை ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை பொரிக்கவைத்து, இரண்டு ஆண்டுகள் வளர்த்தது. 2014 இல் முதல் பத்துக் குஞ்சுகள் ரூஜ் சதுப்பில் விடப்பட்டன. பின்னர் ஆண்டுதோறும் மேலும் பல விடப்பட்டன.

இதில் எமக்கும் ஒரு கணக்கு உண்டு. மார்க்கத்தில் நாம் வாங்கிய வீடுகள் பலவும் நேற்றுவரை வயலாகவும் ஓடைக்கரையாகவும் இருந்த நிலத்தில் எழும்பியவை. ஊரில் காணி இழந்து வந்தவர்கள் நாம். இங்கே எமது கூரைக்காக எந்த உயிர் இடம்பெயர்ந்தது என்று அநேகமாக நாம் கேட்டதில்லை. வீடு வாங்கியது குற்றமல்ல. ஆனால் அடுத்த தெருவுக்காக அடுத்த சதுப்பைத் தூர்க்கும் திட்டம் நகரசபைக்கு வரும்போது, இடமிழப்பு என்னவென்று அறிந்த நாம் வாய்மூடி இருப்பது சரியல்ல.

பிளாண்டிங் ஆமை முட்டையிடும் பருவத்தை அடைய 14 முதல் 25 ஆண்டுகள் வரை செல்லும். 2014 இல் விடப்பட்டவற்றுக்கு அந்தப் பருவம் இப்போதுதான் நெருங்குகிறது. அவை எங்கோ இடப்பட்ட முட்டைகளிலிருந்து வந்தவை. அவற்றின் குஞ்சுகள்தான் இந்த மண்ணில் பிறக்கப்போகின்றன. அதுவரை இந்தச் சதுப்பு இருக்க வேண்டும்.