மயிலிட்டிக் கலியாணக் கசெற் போன வழி

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் வெளியேறியபோது காணி உறுதி, நகை, பிறப்புச் சான்றிதழ் என்று கையில் அகப்பட்டவற்றோடு சில குடும்பங்கள் ஒரு வி.எச்.எஸ். கசெற்றையும் எடுத்துக்கொண்டன. கலியாண வீடியோ. அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில்தான். இருபத்தேழு வருடங்களுக்குப் பிறகு போய்ப் பார்த்த பலருக்கு அங்கே வீடு இருக்கவில்லை. முற்றத்துப் பந்தல், வாசல் வாழைமரம், குசினிப் பக்கம் நின்று சிரிக்கும் பெரியம்மா எல்லாம் அசையும் படமாக எஞ்சியிருப்பது அந்தக் கசெற்றில். ஆகவே அது எந்த வழியால் வந்தது, இன்றைக்கு ஏன் திறக்க மறுக்கிறது என்பதை எழுதி வைக்க வேண்டும். இது ஒரு குடும்பத்தின் கதையல்ல. இப்படியான கசெற்றுகள் பல போன வழி.

1990களின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். ஜெனறேற்றர், ரி.வி., டெக் மூன்றையும் வாடகைக்கு எடுத்து ஊரே கூடியிருந்து படம் பார்க்கும். படம் முடிந்து எண்ணெய் மிச்சமிருந்தால் கலியாணக் கசெற் ஓடிய வீடுகளும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் கசெற் இரண்டாம் முறை இடம்பெயர்ந்தது. கிளாலிக் கடலேரியைத் தோணியில் கடந்து வன்னியூடாகக் கொழும்பு போன கசெற்றுகளும் இருந்தன.

கொழும்பிலிருந்து விமானம் ஏறிய கொப்பிக்குத்தான் முதற் சிக்கல் வந்தது. இலங்கைத் தொலைக்காட்சி 'பால்' முறையைச் சேர்ந்தது: 625 வரி, வினாடிக்கு 25 படம். கனடாவில் 'என்.ரி.எஸ்.சி.': 525 வரி, வினாடிக்கு ஏறத்தாழ 30 படம். பிரான்சில் 'செக்காம்'. ஒரே கலியாணம் லண்டனில் ஒழுங்காக ஓடியது, ரொறன்ரோவில் படம் உருண்டு கிழிந்தது, பரிஸில் பழைய டெக்குகளில் கறுப்பு வெள்ளையாக வந்தது. தங்கைச்சியின் கூறைச் சேலை என்ன நிறம் என்று கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்த காலம் அது. பிறகு கடைகளில் காசு கொடுத்து மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் படம் ஒரு படி மங்கியது. ரொறன்ரோவில் அலமாரிக்குள் இருப்பது பெரும்பாலும் இப்படி மாற்றிய கொப்பிதான். டிஜிற்றலாக்க விரும்புகிறவர்கள் அதை விட்டுவிட்டு, பூஞ்சணம் பிடித்திருந்தாலும் ஊரில் கிடக்கும் மூலக் கசெற்றைத் தேட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ-9 வீதி திறப்பு. கணினிகள் வடக்கே வந்தன. கலியாண எடிற்றிங்குக்குத் தெற்காசியா எங்கும் பேர்போனது கனோப்பஸ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் எடியஸ் மென்பொருள். டெக்கையும் கணினியையும் இணைக்க அதே நிறுவனம் ஒரு சின்னப் பெட்டி விற்றது. வி.எச்.எஸ். சமிக்ஞையை டி.வி. எனும் டிஜிற்றல் வடிவமாக்கி ஃபயர்வயர் கேபிள் வழியாக உள்ளே அனுப்பும். வினாடிக்கு 25 மெகாபிட், மணிக்கு 13 ஜி.பி. அளவு. ஃபட்-32 வட்டு 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காததால் தாலிகட்டு ஒரு துண்டிலும் ஆராத்தி இன்னொரு துண்டிலுமாக ஏறத்தாழ 20 நிமிடத்துக்கொரு ஃபைல். நல்ல வேலை அது. டி.வி. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே சுருக்குகிறது; பக்கத்துப் படத்தை நம்பியிருப்பதில்லை. அதனால் எங்கே வெட்டினாலும் சேதமில்லை.

இருபது வருடம் கழித்து அந்த ஹாட் டிஸ்க்கைக் கழற்றிப் புதிய கணினியில் மாட்டுகிறோம். டாவின்சி, பிரீமியர் போன்ற எடிற்றிங் மென்பொருளில் ஃபைலை இழுத்துப் போட்டால் 'மீடியா ஓஃப்லைன்', அல்லது நாதஸ்வரம் கேட்கும், படம் கறுப்பாக இருக்கும். ஃபைல் பழுதாகிவிட்டது என்று சொல்லி அழித்தவர்களும் உண்டு. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, அதே ஃபைலை வி.எல்.சி. என்ற பிளேயரில் போட்டுப் பார்ப்பது. பெரும்பாலும் ஓடும். ஓடினால் படம் பத்திரமாக இருக்கிறது.

விளக்கம் இதுதான். அந்த ஃபைல்களின் வடிவமான ஏ.வி.ஐ. என்பது வெறும் உறை. உள்ளே எந்தக் கோடெக்கால் சுருக்கியது என்று நாலெழுத்துச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். சாதாரண டி.வி. ஃபைலில் 'டி.வி.எஸ்.டி.' என்று இருக்கும். கனோப்பஸ் தன் பெயரில் 'சி.டி.வி.சி.' என்று ஒட்டியது. பழைய கணினியில் கனோப்பஸின் கோடெக் இருந்ததால் அந்தச் சீட்டு விளங்கியது. புதிய மென்பொருள் சீட்டை வாசித்து, தெரியாத பெயர் என்று நின்றுவிடுகிறது. உள்ளே கிடப்பதோ அதே டி.வி.தான். மூட்டையில் கடைப்பெயர் மாறினால் அரிசி மாறுமா?

ஆகவே மருந்து எளிது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சீட்டைப் பாருங்கள். 'சி.டி.வி.சி.' என்றிருந்தால் எஃப்.எஃப்.எம்பெக் மூலம், படத்தைத் திரும்பச் சுருக்காமல் அப்படியே பிரதி எடுக்கும் கட்டளை கொடுத்துப் புதிய உறைக்குள் மாற்றலாம். ஒரு புள்ளிகூடக் கெடாது. 'சி.யு.வி.சி.' என்றிருந்தால் அது கனோப்பஸ் எச்.கியூ. என்ற வேறு கோடெக்; அதை புரோரெஸ் அல்லது டி.என்.எக்ஸ்.எச்.ஆர். என்ற கோடெக்குக்கு மாற்றத்தான் வேண்டும். இரண்டையும் வாசிக்க எஃப்.எஃப்.எம்பெக்குக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டில் ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கி, உலகெங்குமுள்ள நிரலாளர்கள் வளர்த்து இலவசமாகக் கொடுத்த மென்பொருள் அது. கைவிடப்பட்ட கோடெக்குகளைக்கூடப் பொறுமையாகப் பிரித்துப் படித்துச் சேர்த்த அந்த முகம் தெரியாதவர்களுக்கு நம் குடும்பங்கள் கடன்பட்டிருக்கின்றன.

திறந்த பிறகும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். டி.வி.யில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாகப் பின்னியிருக்கும், கீழ்ப்பாதி முதலில். எச்.டி.யில் மேற்பாதி முதலில். புதிய மென்பொருள் மாறி எடுத்தால் மாப்பிள்ளை நடந்து வரும்போது படம் முன்னும் பின்னும் துடிக்கும். அந்த அமைப்பைக் கையால் மாற்ற வேண்டும். அடுத்தது அகலம். 720க்கு 576 என்று பதிவான படத்தைச் சதுரப் புள்ளிகளாகக் கணித்தால் ஆட்கள் கொஞ்சம் ஒடுங்குவார்கள். அகலத் திரைக்கு இழுத்தால் எல்லோரும் பருத்துவிடுவார்கள். சரியான விகிதம் 4:3, இரு பக்கமும் கறுப்பாக விட்டால் போதும்.

கடைக்காரர் எம்.பி.4 ஆக்கித் தந்துவிட்டார், இனி மூலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எம்.பி.4க்குள் பெரும்பாலும் இருக்கும் எச்.264 கோடெக் பார்ப்பதற்கு அருமை. ஆனால் அது பல படங்களைச் சேர்த்து, மாற்றங்களை மட்டும் சேமித்து, மிச்சத்தை வீசிவிடும். வி.எச்.எஸ். படத்தின் இரைச்சலையும் அது அசைவென்று எண்ணுவதால், வீசப்படுவது பின்வரிசையில் நிற்பவர்களின் முகமாக இருக்கக்கூடும். நாளைக்கு இதைவிட நல்ல முறையில் படத்தைத் தெளிவாக்க விரும்பினால் டி.வி. ஃபைல்தான் வேண்டும்.

பழைய கணினியை விற்பதற்கு முன்னர் எடியஸில் வெட்டுப் பட்டியலையும் இ.டி.எல். ஆக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். ரொறன்ரோ, பரிஸ், லண்டன் மூன்றுக்கும் இப்போது ஒரே எம்.பி.4 போதும். மூல டி.வி. ஃபைல்கள் இரண்டு ஹாட் டிஸ்க்குகளில் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில்.