பாறையில் உடைந்த கலமும் கரையில் மக்கிய கலமும்

கப்பல்கள் அழிவது பலவிதம். புயலிற் சிக்கிக் கவிழ்வன சில. பாறையில் மோதிப் பிளப்பன சில. இவை யாவரும் அறிந்தவை. ஆனால், ஏற்ற பணியைச் செவ்வனே செய்துகாட்டிய பின்னரும் வேண்டுவாரின்றிக் கிடந்து மக்கிய கலமும் ஒன்றுண்டு. ஸ்காட்லாந்தின் நீராவிக் கப்பல் வரலாற்றில் இவ்விரு முடிவுகளையும் அருகருகே காண்கிறோம்.

கிழக்கே போர்த் ஆற்று முகத்தையும் மேற்கே கிளைடு ஆற்றையும் இணைப்பது போர்த் - கிளைடு கால்வாய். அதிற் சென்ற பாரப்படகுகளைக் கரையோரப் பாதையில் நடந்த குதிரைகளே கயிறு கட்டி இழுத்து வந்தன. குதிரை செய்யும் வேலையை நீராவி செய்தாலென்ன என்னும் வினா எழுந்தது. விடை தேடும் பொறுப்பைக் கால்வாய்க் கம்பெனியின் தலைவரான டண்டாஸ் பிரபு, வில்லியம் சைமிங்டன் என்னும் பொறியாளரிடம் ஒப்படைத்தார்.

சைமிங்டன் 1764-இல் லெட்ஹில்ஸ் என்னும் சுரங்க ஊரிற் பிறந்தவர். 1788-இலேயே டால்ஸ்விண்டன் ஏரியில் நீராவிப் படகொன்றை ஓட்டிப் பார்த்தவர். அவர் இம்முறை சிலிண்டரைக் கிடையாக வைத்து, அதன் விசையை ஒரு தண்டின் வழியே துடுப்புச் சக்கரத்தின் அச்சுக்கு நேராகவே செலுத்தினார். இடைப்பட்ட சங்கிலிகளும் பற்சக்கரங்களும் வேண்டாதனவாயின. பிரபுவின் மகளின் பெயரால் அக்கலம் 'சார்லட் டண்டாஸ்' என்று அழைக்கப்பட்டது.

1803 மார்ச் 28 அன்று அது தன் திறத்தைக் காட்டியது. எழுபது டன் பாரமேற்றத்தக்க இரு படகுகளை இழுத்துக்கொண்டு, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து கிளாஸ்கோ நகரின் போர்ட் டண்டாஸ் துறையை அடைந்தது. எதிர்க்காற்றின் கடுமையால் அன்று வேறெந்தப் படகும் அத்திசையில் நகர முடியவில்லை. நீராவி இழுவைக் கலம் பயன்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும், கால்வாயின் உரிமையாளர்கள் அதனை ஏற்றிலர். சக்கரம் எழுப்பும் அலைகள் மண்கரையை அரித்துவிடும் என அஞ்சினர். இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கோமகன் இத்தகைய கலங்கள் எட்டினைக் கேட்டிருந்தார் என்பது சைமிங்டனின் கூற்று. அக்கோமகனும் அதே மார்ச் மாதத்தில் இறந்துபோனார். கலம் கால்வாயின் ஒரு மூலையில் ஒதுக்கி நிறுத்தப்பட்டது.

உரிமையாளர்களின் அச்சத்தை அறியாமை என்று நாம் எள்ளிவிட முடியாது. மண்கரை அலையால் அரிக்கப்படுவது உண்மையே. பிழை வேறிடத்தில் உள்ளது. அக்கால்வாயின் இரு முனைகளிலும் கடல்நீர் இருந்தது. காற்றில்லாமல் தவிக்கும் பாய்க்கப்பல்களும் இருந்தன. 'இங்கே வேண்டாம்' என்றவர்கள், 'எங்கே வேண்டும்' என்று கேட்கவில்லை. கேட்டிருப்பின் அக்கலத்தின் வரலாறே வேறாயிருக்கும்.

அக்கேள்விக்கு விடை கண்டவர் ஹென்றி பெல். அவருடைய 'காமெட்' 1812-இல் கிளைடு ஆற்றிற் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. ஐரோப்பாவில் நீராவிக் கப்பல் வாணிகம் தொடங்கியது அப்போதுதான். 1817-இல் போர்ட் கிளாஸ்கோவில் இழுவைத் தொழிலுக்கென்றே ஒரு நீராவிக் கலம் கட்டினர். அதன் பெயரே 'டக்', அதாவது இழுவை. விக்டோரியா அரசியார் 1837-இல் அரியணை ஏறியபோது துறைமுகங்களில் நீராவி இழுவைக் கலங்கள் பழகிய காட்சியாகியிருந்தன.

காமெட்டின் முடிவு கடலில் நேர்ந்தது. மேற்குக் கரையின் தொலைவூர்களுக்குச் செல்வதற்காக அதனை நடுவில் நீட்டிக் கட்டியிருந்தனர். 1820 டிசம்பரில் கிரெய்க்னிஷ் முனையருகே கடும் நீரோட்டம் அதனைப் பாறையில் தள்ளியது. கலம் இரண்டாகப் பிளந்தது. பெல்லும் அதில் இருந்தார், உயிர்கள் தப்பின. எந்திரத்தையும் மீட்டனர்.

ஆக்கியோரின் நிலை யாது? பெல்லுக்குக் கிளைடு ஆற்றின் பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் உதவித்தொகை அளித்தனர். அவருக்கு ஆற்றங்கரையில் நினைவுத்தூணும் எழுந்தது. சைமிங்டனுக்கு அரசின் கொடையாக முதலில் நூறு பவுனும் பின்னர் ஐம்பது பவுனும் கிடைத்தன. அவ்வளவே. 1831-இல் அவர் இலண்டனில் வறுமையுடன் மறைந்தார்.

கலங்களின் கதையும் அவ்வாறே. கால்வாய் ஓரத்திற் கிடந்த சார்லட் டண்டாஸின் எச்சத்தை 1861-இல் உடைத்தெறிந்தனர். அடுத்த ஆண்டிலேயே, பாறையில் நொறுங்கிய காமெட்டின் எந்திரம் இலண்டன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

கடல் கொண்டதில் ஒரு பகுதியேனும் மீண்டது; மனிதர் கைவிட்டது மீளவில்லை. கடலின் சீற்றத்தினும் மனிதரின் அசட்டை கொடிது என்பதற்கு அக்கால்வாய்க் கரை சான்று பகர்கின்றது. வெற்றி பெற்றவனைப் போற்றுவது எளிது. அவனுக்கு முன் நடந்து வழிகாட்டியவனைத் தேடிப் போற்றுவதே வரலாறு படிப்போரின் கடன்.