நியூ மெக்சிகோக் கொடியும் சியா மக்களின் ஞாயிறும்

நம் முன்னோர் அரசர்க்குரிய தசாங்கத்துள் கொடியையும் ஒன்றாக வைத்து எண்ணினர். திருக்கோயிலிலோ விதிப்படி எழுதி வழிபட்ட கொடியை உரியார் ஏற்றிய பின்னரே விழாத் தொடங்கும். முன்னது ஆட்சியின் அடையாளம்; பின்னது வழிபாட்டின் அங்கம். ஒரு மக்கட் குழுவினர் தெய்வத்தன்மையுடையதாகப் போற்றும் குறியை, அவரைக் கேளாமலே ஓர் அரசு தன் கொடியில் எழுதிக்கொள்ளின் அது முறையாமோ? அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த நியூ மெக்சிகோ மாநிலத்துக் கொடியின் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

அம்மாநிலம் 1912-ஆம் ஆண்டில் 47-ஆவதாக ஐக்கிய நாடுகளோடு சேர்ந்தது. 1915-இல் அமைந்த அதன் முதற்கொடி, நீல நிலத்தில் ஐக்கிய நாட்டுக் கொடியின் சிற்றுருவும், மாநில முத்திரையும், 47 என்னும் எண்ணும், மாநிலப் பெயரும் செறியப்பெற்றது. எழுத்தைப் படித்தாலன்றி இன்ன நாட்டதென்று அறிதற்கரிய அக்கொடியை மாற்ற வேண்டுமென்று, அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்னும் மாதர் சங்கத்தார் முயன்றனர். 1923-இல் நடந்த போட்டியில், சாந்தா பே நகரத்து மருத்துவரும் தொல்பொருள் ஆராய்ச்சியாளருமாகிய ஹாரி மேரா என்பார் வரைந்த உருவம் வென்றது. அவர் மனைவியார் அதனைத் துணியில் தைத்தளித்தார். 1925-இல் அது சட்டத்தால் நிலைபெற்றது.

அக்கொடியின் அமைப்பு மிக எளியது. மஞ்சள் நிலத்தின் நடுவே செந்நிற ஞாயிறு ஒன்று. அதன் வட்டத்தினின்று நாற்புறத்தும் நந்நான்கு கதிர்கள். ஒவ்வொரு புறத்தும் நடுவிலுள்ள கதிர் இரண்டும் நீண்டும், ஓரத்தன இரண்டும் குறுகியும் நிற்கும். மஞ்சளும் சிவப்பும் ஸ்பெயின் நாட்டு அரசி இசபெல்லின் நிறங்கள் என்பர். ஞாயிறோ சியா என்னும் சிற்றூர்ப் பழங்குடியினர்க்கு உரியது.

சியா மக்களுக்கு நான்கு என்னும் எண் தூயது. திசை நான்கு, பருவம் நான்கு, காலை, நண்பகல், மாலை, இரவு எனப் பொழுது நான்கு, குழவி, இளமை, நடுவயது, முதுமை என வாழ்நாட் பகுதியும் நான்கு. வலிய உடல், தெளிந்த மனம், தூய உயிர், பிறர் நலம் பேணல் எனக் கடமையும் நான்காம். இவையனைத்தையும் தொடக்கமும் முடிவும் அற்ற வட்டம் ஒன்றாகப் பிணிக்கின்றது என்பது அவர்தம் கொள்கை.

ஈண்டு நினைத்தற்குரியது ஒன்று. 1680-இல் பழங்குடியினர் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்தெழுந்து அதனை அகற்றினர். 1689-இல் மீண்டு வந்த ஸ்பெயின் படை சியாவைத் தாக்கி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. அழித்தாருடைய நிறத்தையும் அழிந்தாருடைய குறியையும் ஒரே துணி தாங்கி நிற்கின்றது.

மேரா அக்குறியைக் கண்டது, சாந்தா பே நகரத்துக் காட்சிசாலையில் இருந்த சியா நீர்க்குடம் ஒன்றில். அதனை வனைந்தார் பெயர் எங்கும் குறிக்கப்படவில்லை. குறியைக் கொடியில் எழுதுமுன் சியா மக்களின் இசைவை எவரும் பெற்றிலர். பின்னர் வணிகரும் அதனைத் தம் பண்டங்களின்மேல் பொறித்தனர். 1990-களில் சியா மக்கள் தம் உரிமையை வெளிப்பட எடுத்துரைத்து, மாநில அரசிடம் ஈடும் கோரினர். 2000-இல் அக்குடம் அவர்களிடமே திரும்பி வந்தது. விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரத்தாரும் தம் நகரக் கொடியில் இக்குறியை வைத்திருந்தனர். அதன் தூய்மையை மதித்து 2018-இல் நீக்கிவிட்டனர்.

கொடியியலார் 2001-இல் ஐக்கிய நாடுகளும் கனடாவும் சார்ந்த 72 கொடிகளை மதிப்பிட்டபோது, நியூ மெக்சிகோக் கொடியே முதலிடம் பெற்றது. அழகிற் குறைவில்லை. அம்மாநிலத்தார் அக்கொடிக்குக் கூறும் வணக்கவுரையும் அக்குறியைப் பல இனத்தாரின் நிறைந்த நட்புக்கு அறிகுறியாகவே போற்றுகின்றது. ஆயின் நட்பு என்பது ஒருவர் எடுத்துக்கொள்ள மற்றவர் வாளா இருத்தலன்று. வழிபாட்டுக் குறிக்கு ஆற்றல் அதன் வடிவத்தால் மட்டும் அமைவதன்று; அதனை வழிவழிப் பேணிவரும் மக்களின் அன்பாலும் ஒழுக்கத்தாலும் அமைவது. ஆதலின் பிறர் தெய்வக் குறியை விரும்புவார் முதற்கண் அதற்குரியாரை அணுகி இசைவு வேண்டுதலே அறம். அவ்வறம் பிழைத்த இடத்து, கொடி எத்துணை உயரப் பறப்பினும் கடன் தீர்ந்ததாகாது.