1936: குமாவுன் மலையில் இரண்டு மாணவர் குழுக்கள்

டெல்லி, புனே என்று வந்து குடியேறிவிட்ட நம் வீடுகளில் ஒரு புதுக் கோரிக்கை அடிக்கடி எழுகிறது. பிள்ளை கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, "ட்ரெக்கிங் கிளப்ல சேர்றேன்ப்பா, இமயமலை போறோம்" என்று வந்து நிற்கும். "எதுக்குடா இந்த வம்பு?" என்பார் அம்மா. இந்த வம்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் 1936ஆம் ஆண்டை மட்டும் இங்கே சொல்கிறேன். நடந்த இடம் இன்றைய உத்தராகண்ட்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1924இல் மலையேற்றச் சங்கம் ஒன்று தொடங்கியது. அதில் பழகிய சார்லஸ் ஹூஸ்டன் 1936இல் 23 வயது மருத்துவ மாணவர். அவரும் நண்பர்களும் முதலில் குறிவைத்தது கஞ்சன்ஜங்காவை. அனுமதி கிடைக்கவில்லை. சரி, நந்தா தேவி என்று முடிவு செய்தார்கள். அதன் உயரம் 7,816 மீட்டர். அமெரிக்கர் நால்வர், பிரிட்டிஷார் நால்வர், கூடவே ஷெர்பாக்கள்.

இவர்கள் ஒன்றும் திடீரென்று கிளம்பி வந்தவர்கள் இல்லை. ஹூஸ்டன் 1934லேயே அலாஸ்காவின் ஃபோரேக்கர் சிகரத்தில் ஏறியவர். ஆர்தர் எம்மன்ஸ் 1932இல் சீனாவின் மின்யா கொங்கா பயணத்தில் பனிக்கடியால் கால்விரல்களை இழந்தவர். ஆகவே இந்த முறை உயரத்துக்குப் போகாமல் அடிவார முகாமைப் பார்த்துக்கொண்டார், நில அளவையும் செய்தார்.

கிளம்பும்போது குழுவுக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. பிறகு ஓட்டுப் போட்டு டில்மனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஷெர்பாக்களுக்கு உடம்பு முடியாமல் போனதால் மேல் முகாம்களுக்கு எல்லோரும் தாங்களே சுமை தூக்கினார்கள். உச்சிக்குப் போக ஹூஸ்டனும் ஓடெல்லும்தான் தயாராக இருந்தார்கள். கெட்டுப்போன டின் இறைச்சி ஹூஸ்டனைப் படுக்க வைத்துவிட்டது. அவர் கீழே இறங்கினார், டில்மன் மேலே போனார். ஆகஸ்ட் 29இல் ஓடெல்லும் டில்மனும் உச்சியில் நின்றார்கள். 1950இல் அன்னபூர்ணாவில் ஏறும்வரை, மனிதன் ஏறி நின்ற சிகரங்களில் அதுவே உயரமானது.

அதே வருஷம், பக்கத்திலேயே இருக்கும் நந்தா கோட் சிகரத்துக்கு ஜப்பானின் ரிக்கியோ பல்கலைக்கழக மலையேற்றச் சங்கத்தினர் வந்தார்கள். தலைவர் யாய்ச்சி ஹொட்டா. ஜப்பானிய ஆல்ப்ஸில் குளிர்காலத்தில் ஏறிப் பழகிய கூட்டம். 1905இல் லாங்ஸ்டாஃப் முயன்று திரும்பிய 6,861 மீட்டர் சிகரம் அது. அக்டோபர் 5இல் ஜப்பானியர் ஐவரும் ஒரு ஷெர்பாவும் உச்சியைத் தொட்டார்கள். இமயமலையில் ஜப்பானியருக்கு அதுதான் முதல் வெற்றி. அதற்கு இருபது வருஷம் கழித்து, 1956இல், மனாஸ்லுவில் முதலில் ஏறியதும் ஜப்பானியக் குழுவே.

வெற்றியோடு கதையை முடித்துவிட மனம் வரவில்லை. ஹூஸ்டன் குழுவினர் மேலே ஏறிக்கொண்டிருந்த நாட்களில், அடிவார முகாமில் கித்தார் என்ற ஷெர்பா வயிற்றுக்கடுப்பால் இறந்துபோனார். பல பெரிய பயணங்களில் சுமை தூக்கிய அனுபவசாலி. இன்னொரு ஷெர்பா பசாங் கிகுலி. 1938இல் ஹூஸ்டன் கே2 போனபோது ஷெர்பாக்களுக்கு அவர்தான் தலைவர். மறு வருஷம் அதே மலையில், மேலே தனியாகச் சிக்கிக்கொண்ட ஓர் அமெரிக்கரை மீட்கப் போனவர் திரும்பவே இல்லை. சிகரத்தின் பெயரோடு இவர்கள் பெயரையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனவே "போகாதே" என்று சொல்வதைவிட சில கேள்விகளைக் கேட்கலாம். இதற்கு முன் எந்தச் சின்ன மலையில் ஏறினாய்? உன் மூட்டையைத் தூக்குவது யார்? உடம்புக்கு முடியாவிட்டால் இறங்கிவிடுவாயா? கூட வரும் சுமைகாரருக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? இந்த நாலுக்கும் நேரான பதில் வந்தால், கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.