மேடு கட்டிய புல்டோசர்: மண்ணில் தாவும் பைக்குகளின் நூறாண்டுக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

மோட்டார் சைக்கிள் ஒரு மண்மேட்டில் சீறி ஏறி, ஆகாயத்தில் பறந்து, அடுத்த மேட்டில் இறங்கும் வீடியோவைப் பார்க்காத பிள்ளைகள் இன்று கிடையாது. எல்லோர் கண்ணும் வண்டி ஓட்டுபவன் மேல்தான். அந்த மேட்டை யார் கட்டினார்கள், எதை வைத்துக் கட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் ஒரு நூறாண்டு வரலாறு கிடைக்கிறது. கூடவே உயிர் காக்கும் பாடம் ஒன்றும் கிடைக்கிறது.

முதலில் இயந்திரத்தின் கதை.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஸ்டாக்டன் என்று ஓர் ஊர். அதைச் சுற்றியுள்ள ஆற்றுப்படுகை நிலம் மெத்தை போல மிருதுவானது. கனமான நீராவி டிராக்டர்கள் அதில் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். பெஞ்சமின் ஹோல்ட் என்ற தொழிலதிபர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலிப் பட்டை போல ஓடும் தடத்தை மாட்டினார். 1904 நவம்பர் 24 அன்று சோதனை ஓட்டம். வண்டி புதையாமல் ஊர்ந்து போனது. கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருந்ததால் ‘கேட்டர்பில்லர்’ என்று பெயர் வந்தது. 1925இல் ஹோல்ட் நிறுவனமும் பெஸ்ட் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் நிறுவனம் ஆயின. நம்மூர் குவாரிகளில் நிற்கும் மஞ்சள் வண்டிகளின் பூர்வீகம் அதுதான்.

ஆனால் ஹோல்ட்டின் வண்டியில் மண்ணைத் தள்ளும் தகடு இல்லை. அது வந்தது கான்சாஸ் மாநிலத்தின் மாரோவில் என்ற சிற்றூரில், 1923இல். எண்ணெய்க் குழாய் புதைத்த பள்ளங்களைக் கோவேறு கழுதைகளைப் பூட்டி மூடிக்கொண்டிருந்ததை ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்ற விவசாயி பார்த்தார். வரைபடக்காரரான ஏர்ல் மெக்லியோடுடன் சேர்ந்து, பழைய இரும்புச் சாமான்களைக் கொண்டே டிராக்டரின் முன்னால் ஒரு தகட்டைப் பொருத்தினார். 1925இல் காப்புரிமையும் கிடைத்தது. புல்டோசர் பிறந்தது.

இனி விளையாட்டின் கதைக்கு வருவோம்.

புல்டோசருக்கு அடுத்த ஆண்டு, 1924 மார்ச் 29 அன்று, இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற இடத்தில் சில மோட்டார் சைக்கிள்காரர்கள் மேடுபள்ளமான பொட்டலில் ஒரு பந்தயம் நடத்தினார்கள். ‘ஸ்கிராம்பிள்’ என்று அதற்குப் பெயர். ஆர்தர் ஸ்பார்க்ஸ் என்பவர் வென்றார். பிறகு ஐரோப்பா முழுதும் பரவி, ‘மோட்டோகிராஸ்’ என்ற பெயரைப் பெற்றது. 1966இல் டார்ஸ்டன் ஹால்மன் என்ற ஸ்வீடன் வீரர் அமெரிக்கா போய் ஓட்டிக் காட்டினார். தென் கலிபோர்னியாவின் வறண்ட குன்றுகளில் இளைஞர் கூட்டம் பைத்தியமாகிவிட்டது.

அதுவரை பெரும்பாலும் மேடு என்பது இயற்கை தந்த மேடுதான். 1972 ஜூலை 8 அன்று அது மாறியது. மைக் குட்வின் என்ற இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர், 1932 ஒலிம்பிக் நடந்த லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் மைதானத்துக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மேடுகள் எழுப்பினார். இரவுப் பந்தயம். வென்றவர் மார்ட்டி டிரிப்ஸ், வயது 16! ‘சூப்பர்கிராஸ்’ அங்கிருந்துதான் அமெரிக்காவில் வளர்ந்தது. இன்று ஒரு மைதானத்துக்கு ஏறத்தாழ 500 லாரி மண் வருகிறது. புல்தரை மேல் பலகை விரித்து, புல்டோசர்கள் சில நாளில் மலைத்தொடரையே கட்டிவிடுகின்றன.

வண்டியும் மாறியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் வடிவமைத்த ஒற்றை ஷாக் அப்சார்பரை யமஹா வாங்கியது. 1973இல் ஹாகன் ஆண்டர்சன் அதனுடன் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். முன்பு நாலைந்து அங்குலம் அமுங்கிய சஸ்பென்ஷன், பத்தாண்டுக்குள் ஓரடி வரை அமுங்கும் அளவுக்கு வந்தது. வண்டி தாங்குகிறது என்றதும் மேடு உயர்ந்தது. மேடு உயர்ந்ததும் எலும்பு முறிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் இயற்பியல்.

5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சமதரையில் விழுந்தால் அந்த வேகம் முழுவதையும் கால், இடுப்பு, முதுகெலும்பு வாங்க வேண்டும். பூங்காவில் உள்ள சறுக்குமரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் உச்சியிலிருந்து குழந்தை கீழே குதித்தால் கால் முறியும். அதே உயரத்திலிருந்து சறுக்கி வந்தால் சிரித்துக்கொண்டே எழுந்து ஓடும். பறந்து வரும் வண்டியின் பாதை எந்தக் கோணத்தில் கீழிறங்குகிறதோ, அதே கோணத்தில் மண்சரிவு இருந்தால் வண்டி சறுக்குமரக் குழந்தை போல இறங்கும். ஏறுமேடு பறக்க வைக்கிறது. இறங்குசரிவு வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது.

வரலாறு இதற்குச் சாட்சி. ஈவல் நீவல் என்ற சாகசக்காரர் 1967 டிசம்பர் 31 அன்று லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸ் நீரூற்றைத் தாண்டினார். இறங்கும் மேடையை ஒழுங்காக எட்ட முடியவில்லை. இடுப்பெலும்பு நொறுங்கியது. 1995இல் மேரிலாந்து மாநிலத்தின் பட்ஸ் கிரீக் தளத்தில் டக் ஹென்றி என்ற சிறந்த வீரர், இறக்கத்தில் இருந்த ஒரு மேட்டிலிருந்து அளவுக்கு மீறிப் பறந்து, சரிவைத் தாண்டிச் சமதரையில் வந்து இறங்கினார். முதுகெலும்பு முறிந்தது. திறமை குறைவா? இல்லை. 1997இல் திரும்பி வந்து லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸை வென்றவர் அவர். அவர் கீழே வந்த இடத்தில் சரிவு இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே நல்ல தளம் கட்டுபவர்கள் இறங்குசரிவை நீளமாக விடுவார்கள். பத்தடி முன்னே இறங்கினாலும் பத்தடி தள்ளி இறங்கினாலும் சரிவிலேயே இறங்க வேண்டும். பழகுபவர்களுக்கு இரு மேட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை மண்ணால் நிரப்பி, மேசை போல ஆக்கிவிடுவார்கள். ‘டேபிள்டாப்’ என்று பெயர். தாண்ட முடியாதவன் எதிர் மேட்டில் முட்டாமல் மேசை மேல் இறங்கிக்கொள்வான்.

வறண்ட நிலத்தில் இன்னொரு சிக்கல். காய்ந்த மண்ணைக் குவித்தால் உச்சி உதிரும். பத்து வண்டி ஏறினால் பள்ளம் விழும், கோணம் மாறும், பறக்கும் திசையும் மாறும். நம் முன்னோர் ஏரிக்கரை போடும்போது என்ன செய்தார்கள்? ஒரு வரிசை மண், தண்ணீர், மிதி. மறுபடி ஒரு வரிசை. இதையே அளந்து விதியாக்கியவர் லாஸ் ஏஞ்சலஸ் குடிநீர்த் துறைப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர். மண் அணைகளுக்காக 1933இல் அவர் வெளியிட்ட முறைப்படி, ஒவ்வொரு மண்ணும் குறிப்பிட்ட ஈரத்தில்தான் அதிகபட்சமாகக் கெட்டிப்படும். குறைந்தால் புழுதி, கூடினால் சேறு. நம் நெடுஞ்சாலைப் பொறியாளர்களும் இன்றுவரை பிராக்டர் சோதனைதான் செய்கிறார்கள். மேடு கட்டும் இடத்தில் புல்டோசருக்குப் பக்கத்தில் தண்ணீர் லாரி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது நம்மூரிலும் ஜேசிபி மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு பிற்பகலில் பத்தடி மேடு எழுப்பிவிடலாம். சூப்பர்கிராஸ் பந்தயங்கள் கோவை வரை வந்துவிட்டன. பிள்ளைகள் ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் காசும் நேரமும் தீரும்போது முதலில் கைவிடப்படுவது மறுபக்கத்துச் சரிவுதான். வீடியோவில் அது அழகாகத் தெரிவதில்லையே!

ஐடஹோ மாநிலத்தின் ட்வின் ஃபால்ஸ் ஊருக்கு அருகே, ஸ்னேக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு மண்மேடு இன்றும் நிற்கிறது. 1974 செப்டம்பர் 8 அன்று நீவல் நீராவி ராக்கெட்டில் பள்ளத்தாக்கைத் தாண்டக் கட்டப்பட்டது. பாராசூட் முன்கூட்டியே விரிந்துவிட, ராக்கெட் அக்கரை சேராமல் பள்ளத்துக்குள் இறங்கியது. உயிர் பிழைத்தது பாராசூட்டின் புண்ணியம். ஐம்பது ஆண்டு கடந்தும் ஏறுமேடு மட்டும் அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையோ பேரனோ இப்படி ஒரு மேட்டைக் காட்டினால், “எவ்வளவு உயரம்?” என்று கேட்காதீர்கள். “அந்தப் பக்கம் எப்படி இறங்குவாய்?” என்று கேளுங்கள்.