‘அல்சர்’ என்னும் ஒற்றைச்சொல்: தமிழகத்தில் அமில நோய்கள் அறியப்பட்ட வரலாறு

முன்னுரை

நெஞ்செரிச்சல், புளியேப்பம், உண்டது எதுக்களித்தல் ஆகியவற்றைத் தமிழகத்தில் பலரும் ‘அல்சர்’ என்றே குறிப்பிடுகின்றனர். மருத்துவ நோக்கில் அல்சர் என்பது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ தோன்றும் புண். எதுக்களிப்பு நோயோ இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறுவதால் வருவது. இரண்டும் வேறு, தீர்க்கும் வழிகளும் வேறு. இவை ஒரே பெயரால் வழங்குவதன் வரலாற்றுப் பின்புலத்தையும் அதனால் விளையும் இடரையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

குறியால் பெயரிட்ட மரபு

சித்த மருத்துவம் குன்மத்தை எட்டாகப் பகுக்கிறது. அவற்றுள் எரிகுன்மம், வலிகுன்மம், சத்திகுன்மம் ஆகிய பெயர்கள் நோயாளி உணரும் குறிகளால் அமைந்தவை. பாதிக்கப்பட்ட உறுப்பைச் சுட்டுவன அல்ல. உள்ளுறுப்பைக் கண்ணால் காண இயலாத காலத்துக்கு இப்பகுப்பு பொருந்துவதே. இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை இங்கிலாந்தின் வில்லியம் பிரௌட் நிறுவியதும் 1824இல் வெளியான ஆய்விலேயே ஆகும்.

நெய்யூரும் குன்னூரும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்னிந்தியா குடற்புண்ணுக்குப் பெயர்பெற்றது. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்ற அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல், பின்னர் திருவிதாங்கூரின் நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியேற்றார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அவ்வூரில் அவர் கண்ட குடற்புண் நோயாளிகள் மிகப் பலர். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை அங்கு வழக்கமான மருத்துவமாயிற்று. ஓர் என்பாருடன் இணைந்து அவர் எழுதிய ஆய்வு 1936இல் பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழில் வெளிவந்தது.

குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் இதே சிக்கலை உணவின் வழி அணுகினார். மரவள்ளிக்கிழங்கும் அரிசியும் மிகுந்த திருவிதாங்கூர் ஏழையரின் உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றுள் சிலவற்றுக்கு இரைப்பையில் புண் தோன்றியது. இவ்வாறு நோயின் வேர் அறுவை அரங்கிற்கு வெளியே, வறியவரின் உணவுக்கலத்தில் தேடப்பட்டது. வயிற்றெரிச்சல் என்றாலே புண் என்னும் எண்ணம் வேரூன்ற ஏற்ற சூழல் இக்காலத்தில் அமைந்திருந்தது எனக் கருதலாம்.

பிரிந்த இரு நோய்கள்

1982இல் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரை வளர்த்துக் காட்டினர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர். பெரும்பாலான குடற்புண்கள் இந்நுண்ணுயிராலோ வலிநீக்கி மாத்திரைகளாலோ வருவன என்பது தெளிவாயிற்று. நுண்ணுயிரால் வந்த புண்ணை ஏறத்தாழ இரண்டு வார மருந்தில் ஆற்ற முடிந்தது.

எதுக்களிப்பு நோயின் வரலாறு தனியே வளர்ந்தது. அமிலத்தால் உணவுக்குழாய் அழற்சியுறுவதை 1935இல் நியூயார்க்கின் ஆஷர் விங்கிள்ஸ்டைன் விளக்கினார். உணவுக்குழாயின் கீழ்முனைத் தசைவளையம் தளர்வதே இதன் அடிப்படை. எண்பதுகளின் இறுதியில் வந்த ஒமிப்ரசோல் அமிலச் சுரப்பைக் குறைக்கிறது. தளர்ந்த தசையைச் சீராக்குவதில்லை. எனவே மருந்தை நிறுத்தியதும் குறிகள் மீளக்கூடும்.

நடைமுறைப் பயன்

எதுக்களிப்பு நோயில் உணவின் வகையைப் போலவே உண்ணும் நேரமும் அளவும் முதன்மையானவை. உண்டபின் இரண்டு மூன்று மணிநேரம் படுக்காதிருத்தல், கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்துதல், உடல் எடையைக் குறைத்தல், புகையிலையை விடுதல் ஆகியன பயன்தரும். இசுலாமியர் மிகுந்து வாழும் கோட்டக்குப்பம் போன்ற ஊர்களில் நோன்புக்கால சஹர் உணவை அளவாக உண்பதும், உண்டவுடன் உறங்காதிருப்பதும் இவ்வகையில் கருதத்தக்கவை. ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளை உணவுக்கு அரைமணி முன்னரே உட்கொள்ள வேண்டும்.

விழுங்குவதில் தடை, இரத்த வாந்தி, கருநிற மலம், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை இருப்பின் உள்நோக்கிச் சோதனை தேவை. ‘அல்சர்’, ‘வாய்வு’ எனத் தள்ளிவிடப்படும் நெஞ்சுவலி மாரடைப்பாகவும் இருக்கலாம்.

முடிவுரை

குன்மம் என்னும் சொல் தன்னுள் எட்டு வேறுபாடுகளைக் கொண்டிருந்தது. அன்றாட வழக்கில் ‘அல்சர்’ அவ்வேறுபாடுகளையும் அழித்துவிட்டது. எதுக்களிப்பு நோய்க்குத் தமிழில் தனிப்பெயர் நிலைபெறுவது கலைச்சொல் ஆக்கத்தோடு நின்றுவிடும் பணி அன்று. உரிய மருத்துவம் உரியவரைச் சென்றடைவதற்கும் அது துணைநிற்கும்.